வாடகைக் குலசாமி

பூங்கோதை ஒரு டிக்கியின் மூக்கிலிருந்து உதட்டுச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சாயம் இலேசில் போகிற வழியாக இல்லை. "எவளோ ஒருத்தி நேத்து இவனக் கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்திருக்கா. இவனும் வேண்டாம்னு சொல்லல பாருங்க" என்கிறார் என்னிடம். பிறகு டிக்கியின் பக்கம் திரும்பி, "வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டு, சோடா மாவில் துணியைத் தோய்க்கிறார். ஞாயிறு மதியம் தெற்கு ஆக்லாந்தின் தகனினியில் எங்கள் தெருவில் மற்றவர்கள் புல் வெட்டுவார்கள், கார் கழுவுவார்கள். இவர் ஏவன்டேல் சந்தையில் தன் அலங்காரச் சாமான் கடையை மூடிக்கொண்டு வந்ததும் கராஜைத் திறந்து வரிசையாக முகம் கழுவிவிடுவார்.

டிக்கி என்றதும் காரின் பின்பக்கம் ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் தப்பில்லை. இது வேறு. பசிபிக் தீவுக்காரர்கள் தங்கள் முன்னோரையும் தெய்வங்களையும் மரத்திலும் கல்லிலும் செதுக்கிவைத்த உருவம் அது. போன நூற்றாண்டில் அமெரிக்காவில் சிலர் அதைக் கொண்டுபோய் மதுக்கடை வாசலில் நிறுத்தினார்கள். கண்ணை உருட்டிப் பல்லைக் காட்ட வைத்தார்கள். மண்டையைக் குடைந்து ரம் ஊற்றிக் குடிக்கிற கோப்பையாகவும் ஆக்கினார்கள். உலகம் சுற்றிய அந்தக் கூத்து இப்போது புறப்பட்ட கடலுக்கே திரும்பி வந்து, ஆக்லாந்தில் ஒரு பெருந்துறைக்காரம்மாவின் கராஜில் வாடகைக்குக் கிடைக்கிறது.

பூங்கோதைக்கு ஐம்பது நெருங்குகிறது. குட்டையான உருவம், வேகமான கை, அதைவிட வேகமான வாய். ஊரில் அப்பாவுக்குப் பந்தல் காண்ட்ராக்ட். "எழவுக்கும் நாங்கதான், கண்ணாலத்துக்கும் நாங்கதான். துணிய மட்டும் மாத்துவோம்" என்பார். கணவர் ராம்பிரசாத்துக்குக் கணினி வேலை கிடைத்து இங்கே வந்தபோது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க இவருக்கு உடம்பு வணங்கவில்லை. பிறந்தநாளுக்குப் பலூன் கட்டுவதில் ஆரம்பித்தார். பிறகு 'ஐலண்ட் நைட்' என்று ஒரு செட் போட்டார். பைபரில் வார்த்த பன்னிரண்டு டிக்கிகள், மூங்கில் பார், பிளாஸ்டிக் செம்பருத்தி மாலைகள், வைக்கோல் பாவாடைகள், தோட்டத்தில் நட்டுக் கொளுத்துகிற தீப்பந்தங்கள். கராஜில் டிக்கிகள் நிற்பதால் ராம்பிரசாத்தின் கார் மழையில் நிற்கிறது. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பொதுவாக அவர் எதைப் பற்றியும் பேசுவதில்லை.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாடும் வெள்ளைக்காரர்கள், அல்லது கோடை விருந்து வைக்கிற அலுவலகங்கள். அவர்களுக்கு ஹவாயும் சமோவாவும் டஹிட்டியும் ஒன்றுதான். பூங்கோதைக்கும் ஒன்றுதான். "ரெண்டாவது கிளாஸுக்குப் பொறவு இது எந்தத் தீவுன்னு யாரும் கேக்கறதில்லீங்க்கா" என்பார். எதிர்வீட்டுச் சமோவாக்காரர் ஒருநாள் கராஜை எட்டிப் பார்த்து, இவர்கள் யார், இந்தியாவில் பிரபலமானவர்களா என்று மரியாதையாக விசாரித்தார்.

இதைப் படித்துவிட்டு நாம் மட்டும் பெரிய அசல் என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். அந்த டிக்கிகள் வந்த அதே சீனக் கண்டெய்னரில்தான் நம் கல்யாணங்களுக்கான பிளாஸ்டிக் வாழைமரமும் வந்தது. குலை தள்ளிய மரம், பூவோடு. மாவிலைத் தோரணம் துவைத்துக் காயப்போடலாம். ஆக்லாந்தில் இந்தப் பத்து வருடத்தில் தாலி கட்டிக்கொண்ட பாதிப் பேர் பூங்கோதையின் பிளாஸ்டிக் வாழைக்குக் கீழேதான் நடந்து போயிருக்கிறார்கள். ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை. என் மகன் கல்யாணத்துக்கும் அதே மரம்தான். "ஓம், வடிவாத்தான் இருக்கு" என்று நானே சொன்னேன். என் யாழ்ப்பாண ஓமைக் கேட்டால் பூங்கோதைக்குச் சிரிப்பு வரும். "ஹோமம் வளக்கற மாரியே ஆமா சொல்றீங்க்கா" என்பார்.

ஆயுத பூசையன்று பன்னிரண்டு டிக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். வேனுக்கு எலுமிச்சம்பழம், ஏணிக்குப் பொட்டு, ஸ்டேப்ளருக்கும் பொட்டு. "சோறு போடற சாமான். பொட்டு வெக்கலீன்னா எப்புடி?" போன வருடம் குங்குமம் பைபரில் ஊறிப்போய்க் கழுவியும் போகவில்லை. அப்படியே ஒரு பார்ட்டிக்குப் போனது. அங்கே ஒருவர் அந்தச் சிவப்புப் பொட்டைக் காட்டி, இது எந்தப் பழங்குடியின் அடையாளம் என்று கேட்டிருக்கிறார். "வெரி ஓல்டுங்க" என்று இவர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் இரண்டு பேர் 'அந்தச் சிவப்பு அடையாளம் போட்ட அசல் டிக்கி'தான் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பூங்கோதைக்குப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை. எதிரே நிற்பவர் ஆசையாக எதையாவது எதிர்பார்த்தால், அவரை ஏமாற்ற மனசு வராது, அவ்வளவுதான்.

மகள் அஸ்வினிக்கு இது எதுவும் ஆகாது. இங்கேயே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அவள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பியது தெரே என்ற குக் தீவுக்காரப் பையனை. எலெக்ட்ரீஷியன், நல்ல பையன், பூங்கோதையின் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான். கல்யாணம் பேச அவனுடைய அம்மா வைனே வரப்போகிறார் என்றதும் அஸ்வினி தன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவர்கள் அசல் தீவுக்காரர்கள், மம். நம் கராஜில் இருப்பதைப் பார்த்தால், தங்கள் முன்னோரைக் கேலிப் பொருளாக்கி வாடகைக்கு விடுகிற குடும்பம் என்று நினைப்பார்கள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிடும். ப்ளீஸ், எல்லாவற்றையும் ஒளித்து வை.

பன்னிரண்டு ஆட்களை எங்கே ஒளிப்பது? என் கராஜைக் கேட்டார். அதில் என் கணவர் கேதீஸ்வரன் உடம்பைக் குறைப்பதற்காக வாங்கிய இயந்திரம், அவர் உடம்பைப் போலவே அசையாமல் கிடக்கிறது. கடைசியில் ராம்பிரசாத்தின் வேட்டிகளை எடுத்துச் சுற்றிவிட்டார். சின்ன டிக்கிகள் மூடிக்கொண்டன. பெரிய டிக்கிகளுக்கு நாலு முழம் எப்படிப் போதும்? இடுப்புக்குக் கீழே வேட்டி, மேலே வெற்று மார்பு, நெற்றியில் மூன்று நாள் முன்பு ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் குங்குமம். கராஜ் கதவைச் சாத்திவிட்டு வடை சுடப் போனார்.

இனி வருவதற்கு ஓர் எச்சரிக்கை. வைனே ஆங்கிலம்தான் பேசினார். ஆனால் நடந்ததை எனக்குச் சொன்னவர் பூங்கோதை என்பதால், இந்தக் கட்டுரையில் வைனே பெருந்துறைத் தமிழ் பேசுவார். பிறகு நானே நேரில் கேட்ட பேச்சையும் வேறுவிதமாக எழுத எனக்குக் கை வரவில்லை.

வைனே சர்ச் முடித்து நேரே வந்தார். நல்ல உயரம், வெள்ளை உடுப்பு, தென்னங்குருத்தில் மெலிசாக நெய்த வெள்ளைத் தொப்பி. மாங்கரேயில் வீடு, விமான நிலையத்துப் பக்கம் சாப்பாடு தயாரிக்கிற கம்பெனியில் வேலை, சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறார். பூங்கோதை வாசலிலேயே அந்தத் தொப்பியைத் தொட்டுப் பார்த்து, குருத்தில் நாங்கள் தோரணம் கட்டுவோம் என்றார். வைனே அதைக் கழற்றிக் கையிலேயே கொடுத்துவிட்டார். வடை தீர்ந்தது, இரண்டாவது ஈடும் தீர்ந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது வைனே பாத்ரூம் எங்கே என்று கேட்டு எழுந்து போனார். இங்கே புது வீடுகளில் பாத்ரூம் கதவும் கராஜுக்குப் போகிற கதவும் ஒட்டினாற்போல இருக்கும். இரண்டும் ஒரே வெள்ளை.

பூங்கோதை ஓடிப் போய்ப் பார்த்தபோது கராஜில் விளக்கு தானாக எரிந்துகொண்டிருந்தது. வைனே நிலைப்படியில் நின்றிருந்தார். அவருக்கு எதிரே வேட்டி கட்டிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, விழியைப் பிதுக்கிக்கொண்டு பன்னிரண்டு பேர்.

"இவங்கெல்லாம் யாருங்க?" என்றார் வைனே.

பூங்கோதைக்குப் பின்னால் அஸ்வினி வந்து நின்றுவிட்டாள். அவள் மூச்சு கழுத்தில் படுகிறது. "எங்க கொலசாமிங்க" என்று சொல்லிவிட்டார் பூங்கோதை.

"வாயில வந்துருச்சுங்க்கா" என்றார் பிறகு என்னிடம். "வேட்டி கட்டிருக்குது, பொட்டு வெச்சிருக்குது. அந்த வெளிச்சத்துல பாத்தா எங்கூர்க் கருப்பராயன் கோயல்ல நிக்கற மாரியேதான் இருந்துச்சு. அதே முழி."

வைனே விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். "அத்தன பேரும் அண்ணன் தம்பிங்களா?"

"ஆமாங்க."

"அவருக்குத் தாடையில அடிபட்டிருக்குது."

"அது பழைய சண்டைங்க."

வைனே சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து காப்பியைக் குடித்துவிட்டு, நிச்சயதார்த்தத்தை எங்கள் சர்ச் மண்டபத்தில் வைத்துக்கொள்வோம் என்றார். "எங்க பக்கத்துப் பெரியவங்க எல்லாரும் வருவாங்க. உங்க பக்கத்துப் பெரியவங்களும் வரோணும். உள்ள நிக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்கள விட்டுட்டு வந்தா மரியாதையா இருக்காதுங்க." ராம்பிரசாத் அன்று பேசிய ஒரே வார்த்தை 'ஷுவர்' என்பது.

வைனே போனதும் அஸ்வினி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று நீ போய் உண்மையைச் சொல், இல்லையென்றால் நான் சொல்லி நானே இதை முறித்துக்கொள்கிறேன், பொய்யில் ஒரு குடும்பத்துக்குள் போக மாட்டேன் என்றாள் அஸ்வினி. அதோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்தினாள். உப்பு வேண்டுமென்றாலும் அப்பா வழியாகத்தான் கேட்டாள். அதே வாரத்தில் பெருந்துறையிலிருந்து பூங்கோதையின் அண்ணன் குடும்பம் வருவதற்குப் போட்டிருந்த விசாவும் கிடைக்காமல் போனது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போவார்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லையாம். எண்பது ஆடும் ஒரு தோப்பும் வைத்திருக்கிற மனிதர், இங்கே வந்து யாருடைய புல்லை வெட்டப் போகிறார்? எனக்கே ஆத்திரமாக இருந்தது. பூங்கோதை அழவில்லை, ஆனால் டிக்கிகளைத் திட்டுவதை நிறுத்தியிருந்தார். "அந்தப் புள்ள வாழ்க்கைல நானே மண்ணப் போட்டுட்டனாங்க்கா?" என்று ஒருநாள் கேட்டார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்த அன்று, மண்டபத்தை அளந்து பார்க்கிற சாக்கில் என்னையும் கூட்டிக்கொண்டு மாங்கரே போனார். வழி முழுக்க மோட்டார்வேயில் ஒரே வரியை ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தார். உள்ளே வைனே இன்னும் மூன்று பெண்களோடு தரையில் உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். நான் அசல் தீவுப் பூக்களை எதிர்பார்த்துப் போயிருந்தேன். எல்லாம் பிளாஸ்டிக். பூங்கோதை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இதழுக்கு அடியில் அவருடைய கண்டெய்னர்ச் சரக்கின் முத்திரை இருந்தது. ஏவன்டேல் சந்தையில் மொத்தமாக வாங்கியதாம். நிசப்பூ நாலு மணிக்கே வாடிவிடும், அதோடு எங்கள் அக்காவுக்குத் தும்மல் வரும் என்றார் வைனே.

பூங்கோதைக்கு ஒத்திகை பார்த்த வரி மறந்துவிட்டது. பூவைக் கீழே வைத்துவிட்டு, "அது எங்க சாமி இல்லீங்க. வாடகை சாமானுங்க. குடிக்கற பார்ட்டிக்கெல்லாம் குடுக்கறதுங்க. பயந்துட்டுப் பொய் சொல்லிட்டனுங்க. புள்ளைக்கும் இதுக்கும் சம்மந்தமில்லீங்க" என்று தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதை எல்லாம் கொட்டினார்.

வைனே கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். தேடிப் பிடித்து ஒரு படத்தைக் காட்டினார். அதில் வைனே, தலையில் கிறிஸ்துமஸ் காகிதத் தொப்பி, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஒரு டிக்கி. டிக்கியின் இடுப்பில் வைனேயின் கை. அந்த டிக்கியின் தாடை உடைந்திருந்தது.

"போன கிறிஸ்துமஸ் எங்க கம்பெனி பார்ட்டிங்க. அவருகூட நான் ஆடியே இருக்கறனுங்க. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப அன்னைக்கே ஏனுங்க சொல்லல?"

"சாமின்னு சொன்னீங்களே. ஒருத்தரு சாமின்னு சொன்ன பொறவு, இல்ல அது பொம்மைன்னு சொல்றதுக்கு நான் ஆருங்க? எங்க தீவுக்கும் பைபிளத் தூக்கிட்டு ஒருத்தரு அப்புடித்தான் கப்பல்ல வந்து சொன்னாரு. எங்காளுங்களும் நம்பிட்டு எல்லாத்தையும் எரிச்சுப்போட்டாங்க. தப்பிச்சது லண்டன்ல கண்ணாடிப் பொட்டிக்குள்ள நிக்குது." வைனே மாலையில் அடுத்த பூவைக் கோத்தார். "நான் ஞாயித்துக்கிழம வகுப்பு எடுக்கறவ. இத நான் சொன்னேன்னு பாஸ்டர்கிட்டச் சொல்லிராதீங்க."

நாங்கள் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "அவரக் கூட்டிட்டே வாங்க. ரம்மு மட்டும் வேண்டாம்."

இதைக் கேட்டால் அஸ்வினி சமாதானமாகிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆகவில்லை. உண்மையைச் சொன்னது சரி. சொன்ன பிறகும் அந்தப் பொம்மையை மண்டபத்துக்குக் கொண்டுவருவேன் என்றால் என்ன அர்த்தம்? அவர்களுடைய நாகரிகத்தை நீ அனுமதி என்று எடுத்துக்கொள்கிறாய், மம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பூங்கோதையும் மறுக்கவில்லை. "சம்மந்தியம்மா வாய விட்டுக் கூப்புட்டாங்க. கூப்புட்டதுக்குப் பொறவு எப்புடி உட்டுட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டார். தாடை உடைந்த டிக்கிக்கு ராம்பிரசாத்தின் பட்டு வேட்டி போனது. ராம்பிரசாத் காட்டன் கட்டிக்கொண்டார்.

நிச்சயதார்த்தத்தன்று பூங்கோதையின் பிளாஸ்டிக் வாழையும் வைனேயின் பிளாஸ்டிக் மாலைகளும் ஒரே சுவரில் சண்டையில்லாமல் தொங்கின. உக்குலேலே வாசித்தார்கள், பாடினார்கள், அந்தப் பாட்டில் பிளாஸ்டிக் எதுவும் இல்லை. நாலு பேர் ஒரே சமயத்தில் நாலு குரலில் எடுத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வைனேயின் அக்கா தங்கைகள் பல மாதம் கையால் தைத்த ஒரு பெரிய பூவேலைப் போர்வையைக் கொண்டுவந்து அஸ்வினியின் தோள்மேல் போர்த்தினார்கள். டிக்கி வாசலுக்கு உள்ளே நின்றது. பாஸ்டர் அதன் முன்னால் கொஞ்சம் தயங்கினார். "பொண்ணு வீட்டுப் பெரியவருங்க" என்று வைனே சொன்னதும் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

நம் ஆட்கள் நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேரும் சாப்பிட்டார்கள். பிறகு நாளைக்கு ஷிப்ட் இருக்கிறது, பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் குடும்பப் படம். மேடையில் ஒரு பக்கம் தெரேயின் ஆட்கள் நின்றார்கள். கிழவர்கள் நாற்காலியில், அவர்களுக்குப் பின்னால் அத்தைமார், சித்தப்பாமார், ஜன்னல் வரை இடம் போதாமல் இன்னும் ஒரு வரிசை, தரை முழுக்கக் குழந்தைகள். நடுவில் தெரேயும் அஸ்வினியும். அஸ்வினியின் பக்கம் ராம்பிரசாத், பூங்கோதை, நான், கேதீஸ்வரன். எங்களுக்குப் பிறகு வெறும் சுவர். படமெடுத்தவர் தெரேயின் ஒன்றுவிட்ட அண்ணன். கேமராவை இறக்கிவிட்டு, பெண் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வரட்டும், காத்திருக்கிறேன் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

கேதீஸ்வரன் தன்னை அகலமாக்கிக்கொள்ளப் பார்த்தார்.

பூங்கோதை வரிசையை விட்டு இறங்கினார். மண்டபத்தின் நீளம் முழுக்க நடந்து வாசலுக்குப் போனார். டிக்கியின் தோளைக் கட்டிப் பிடித்துச் சாய்த்து, வழுக்கும் மரத்தரையில் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினார். உக்குலேலே நின்றுவிட்டது. குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க பக்கம் ஆள் கம்மியா இருக்குதுங்க" என்று தமிழிலேயே பொதுவாகச் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கியது, பாதி வழியில் நின்றுவிட்டார்.

அஸ்வினி போர்வையை எடுத்துத் தெரேயின் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மேடையை விட்டு இறங்கிப் போய், அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று சாமியின் இன்னொரு தோளைப் பிடித்தாள்.